வைப்பர் தண்ணி டப்பா

தை மாதத்து முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அது. பனிக்காலத்தில் மல்லிகை அரும்பு விடுவதே கொஞ்சம். வரத்து குறைவதால் விலை மட்டும் எகிறும். விலை இருக்கிற நாளில் முந்திப் போகிறவனுக்குத்தான் காசு என்று ராத்திரி மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரியும் மகளும் தோட்டத்தில் இறங்கிவிட்டோம். நாலரைக் கிலோ தேறியது. பையில் கட்டிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, வலையங்குளத்தைத் தாண்டி அருப்புக்கோட்டை ரோட்டில் மதுரையைப் பார்த்துக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்தால் விரகனூர், பாண்டி கோயில் வழியாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வழி.

மணி ஆறு. தை மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் தலைகாட்ட ஆறரைக்கு மேல் ஆகும். நல்ல பனி. கிளம்பும்போது முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். முன்னால் எம்-சாண்ட் லாரி ஒன்று போனது. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை போல. பறந்த தூசி என் கண்ணாடியில் இருந்த பனி ஈரத்தில் ஒட்டியது. வைப்பரைப் போட்டேன். அது துடைக்கவில்லை, பூசியது. சந்தனத்தைக் குழைத்துச் சுவரில் இழுத்த மாதிரி இரண்டு அரைவட்டம்.

வண்டியை நிறுத்தி, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போவதுதான் என் வழக்கம். அன்றைக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் டீக்கடை வெளிச்சம் வரும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகிவிட்டது. ரோடும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. பிரேக்கை அழுத்தினேன். இடது பக்கம் தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். பூ பறிக்கப் போகிற பெண்கள் நாலு பேர் ரோட்டோரமாக நடந்து போயிருக்கிறார்கள். மூன்று பேர் ஒதுங்கிவிட்டார்கள். நாலாவது அக்கா சரிவில் விழுந்து உட்கார்ந்திருந்தது. முழங்காலில் சிராய்ப்பு, கையில் கொஞ்சம் ரத்தம். என் இடது முன்சக்கரத்துக்கு அடியில் அதனுடைய தூக்குவாளி. கஞ்சி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வேறு யாருமில்லை. எங்கள் தோட்டத்துக்கே எத்தனையோ வருஷமாகப் பறிப்புக்கு வருகிற அக்காதான். அன்றைக்கு வேறொருவர் தோட்டத்தில் முறை.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அது என்னைப் பார்த்துக் கேட்டது: "செல்லு லைட்டத் தூக்கி ஆட்டுனேனே தம்பி, உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. நாலு பேர், ஒரு விளக்கு, ஆட்டிய கை, எதுவுமே எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டது. மீதி வழியில் மூன்று இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழுவிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். பூ நல்ல விலைக்குத்தான் போனது. எவ்வளவு என்று வீட்டுக்காரி கேட்டபோது பையிலிருந்து எடுத்து எண்ணித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

காரில் வைப்பர் குச்சியை நம் பக்கம் இழுத்தால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் இருக்கிற டப்பா என் வண்டியில் உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாய்க்கால் கரையில் திருப்பும்போது ஒரு கல் தட்டியதில், சக்கரத்துக்கு முன்னால் மறைவாக இருந்த டப்பாவின் அடி விரிந்துவிட்டது. ஊற்ற ஊற்றக் கீழே போகும். ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும், வண்டியை ஒருநாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். பூ சீசனில் எந்த நாளை விடுவது? அப்புறம் பார்க்கலாம் என்று வந்தேன். இஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, கண்ணாடி கழுவுகிறதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணந்தான்.

முதலில் ஒட்டிப் பார்த்தேன். எம்-சீல் வைத்தேன், ரப்பர் பசை வைத்தேன், சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். இரண்டாம் நாள் தோலுரிந்த மாதிரி வந்துவிடும். ஸ்பிரேயர் டேங்க் விரிசல் விட்டு ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாமான். டப்பாவில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், 5 என்றால் பி.பி. இந்த இரண்டிலும் சாதாரணப் பசை பிடிக்காது. மெழுகின் மேல் பசை தடவுகிற மாதிரி. சூடு வைத்து உருக்கி ஒட்டலாம், அதுவும் வெயிலில் காய்ந்து மொறுமொறுத்துப்போன பழைய டப்பாவில் நிற்காது.

அடுத்து நான் செய்த காரியத்தை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது அதே யோசனையில் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

மல்லிகை மொட்டுப் புழுவுக்கு வாங்கிய மருந்து கேன் ஒன்று மோட்டார் ரூமில் காலியாகக் கிடந்தது. அளவு சரியாக இருந்தது, மூடியும் இறுக்கமாக இருந்தது. மூன்று தடவை அலசி, ஓட்டை போட்டு டியூப் சொருகி, பானட்டுக்குள் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். பிரமாதமாகப் பீய்ச்சியது. நாலைந்து நாள் கழித்து வீட்டுக்காரியும் மகளும் பின்னால் உட்கார்ந்திருக்க, திருமங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனோம். வழியில் பூச்சி அடித்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட்டுத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் கண் எரிகிறது என்றாள். வீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னங்க, மருந்தடிச்ச தோட்டத்துக்குள்ள உக்காந்திருக்க மாதிரியே இருக்கு" என்றாள். கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினேன். விசேஷ வீட்டில் இறங்கியதும் அந்தக் கேனைப் பிடுங்கினேன்.

காருக்குள் காற்று வருகிற வழி எங்கே இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. பெரும்பாலான கார்களில் அது முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் படுத்திருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. கண்ணாடியில் பீய்ச்சுகிற தண்ணீர் புகை மாதிரி சிதறி, அந்த வழியாக ஃபேன் இழுக்கிற காற்றோடு உள்ளே வருகிறது. மூன்று தடவை அலசினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சின மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தான் செய்யும். அலசிவிட்டோமே என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற சமாதானம். பூச்சிக்கொல்லி விதிகளில், காலி டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் அந்தக் கேன்கள் படுகிற பாடு எல்லோருக்கும் தெரியும். மண்ணெண்ணெய் கேன், டீசல் கேன், வாய்க்காலில் தண்ணீர் மோந்து கால் கழுவுகிற கேன். என் வீட்டில் அது காருக்குள் ஏறிவிட்டது.

கேனைப் பிடுங்கியதோடு அந்த யோசனையும் போயிற்று. அதன்பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் பழைய பனியனும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் குடியேறின. இரண்டு வருஷம்.

அடிபட்ட அக்கா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் ஒரு புதுத் தூக்குவாளியும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு அதன் வீட்டுக்குப் போனேன். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. தூக்குவாளியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது.

"பழசு எங்க ஆத்தா குடுத்தது" என்றது. பிறகு, "அது கெடக்கட்டும். கண்ணாடி தொடைக்கிற சாமான் உன் வண்டியில இல்லையாக்கும்?"

"இருக்குக்கா. தண்ணி டப்பாதான் ஒடஞ்சுபோச்சு."

"எப்ப?"

ரெண்டு வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்ச நாளாச்சு" என்றேன்.

"சொட்டுநீர் பில்டர வாரத்துக்கொருக்கா கழட்டிக் கழுவுற ஆளுதான நீயி" என்றது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே அக்கா மகனுக்குப் போன் போட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். எனக்கு மருமகன் முறை. ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"மாமா, டப்பாவக் கழட்டாம புதுசு வாங்கிராதீக" என்றான் முதலில். நல்ல யோசனை. ஒரே காரில் பின்பக்கமும் வைப்பர் இருக்கிற மாடலுக்கு வேறு மாதிரி பம்பு வரும், இரண்டு வழி தண்ணீர் போகும். வருஷத்துக்கு வருஷம் கழுத்து வளைவும் மாறும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் தப்பு வராது.

வேலை தொடங்கும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஜாக்கி போட வேண்டாம் என்றான். ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டால், சக்கரத்துக்கு முன்னால் கை நுழைகிற அளவுக்கு இடம் கிடைக்கிறது. எங்கள் வண்டியில் அது போதுமானதாக இருந்தது. உங்கள் வண்டியில் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சமதளமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வண்டிக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டும் கொடுத்த பிறகே கையை விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே நீட்டக் கூடாது. டிராக்டருக்கும் இதுதான்.

சக்கரத்துக்கு மேலே கறுப்பாக வளைந்திருக்கிற பிளாஸ்டிக் மறைப்பை நாலைந்து கிளிப்புகள் பிடித்திருக்கின்றன. நடுவில் இருக்கிற பொத்தானை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கிளிப் கழன்று வரும். அவசரப்பட்டு இழுத்ததில் இரண்டு கிளிப்பை நான் உடைத்தேன். மறைப்பை விலக்கியதும் உள்ளே டப்பா தெரிந்தது. நாம் தண்ணீர் ஊற்றுகிற வாய் மட்டும் பானட்டுக்குள் இருக்கிறது, உடம்பு முழுக்க இங்கே கீழே. பானை வயிறு மாதிரி. அதனால்தான் பானட்டைத் திறந்து பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒன்றும் புரியாமல் இருந்திருக்கிறது.

மேலே கழுத்தில் ஒரு போல்ட், கீழே இரண்டு. எல்லாம் 10 நம்பர் ஸ்பேனர். கீழே உள்ள ஒன்று பம்பர் மூலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பம்பரின் ஓரத்து ஸ்குரூ இரண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொஞ்சம் விரித்துப் பிடித்ததும் ஸ்பேனர் போய்விட்டது. பம்பரை முழுசாகக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை. துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டப்பாவின் அடியில் கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு மோட்டார் சொருகியிருக்கிறது. அதுதான் பம்பு. 12 வோல்ட். அதற்கு ஒரு வயர் கப்ளிங், ஒரு ரப்பர் டியூப். கப்ளிங்கில் ஒரு நாக்கு இருக்கும், அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் வந்துவிடும். வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் வரும். எங்கள் வண்டியில் வயரை எலி வேறு கடித்து வைத்திருந்தது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினால் இந்த வேலை நடக்கும். மருமகன் கடிபட்ட இடத்தை வெட்டி, புதுசாகச் சேர்த்து, டேப் சுற்றினான்.

டப்பா கையில் வந்ததும் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் பச்சைப் பாசி, மணல், ஒரு செத்த பூரான். பம்புக்குள் போகும் வாயில் நெல்மணி அளவு ஒரு வலை இருக்கிறது. அது முழுக்க அடைத்திருந்தது. பம்பை வெளியே எடுத்துப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தபோது கிர்ரென்று சுற்றியது. தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஓட்டக் கூடாது, தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. நம் சப்மெர்சிபிள் மோட்டார் கதைதான். பம்பு பிழைத்துவிட்டதால் டப்பாவும், பம்பு உட்காருகிற ரப்பர் வாஷரும் மட்டும் வாங்கினால் போதும் என்று ஆனது.

மருமகன் டியூப்பின் முனையை வாயில் வைத்து ஊதிப் பார்க்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த டியூப் வழியாகத்தான் நாலைந்து நாள் மருந்து கேன் தண்ணீர் போனது. ஸ்பிரேயர் நாசில் அடைத்தால் வாயால் ஊதுகிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. பானட் முதல் கண்ணாடி வரை போகும் டியூப்பையே மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தேன். பழையதை வெட்டித் தூக்கிப் போட்டோம். நாசில் இரண்டையும் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசினோம், கையுறை போட்டுக்கொண்டு.

மதுரைக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பழைய டப்பாவைக் காட்டியதும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுத்த விலை ஒரு கிலோ மல்லிகைக்குக்கூட ஆகாது, அதாவது தை மாத மல்லிகைக்கு. சித்திரை மாத மல்லிகை என்றால் கணக்கு வேறு.

டியூப்புக்கு இடையில் போடுகிற ஜாயினர் மட்டும் வாங்க மறந்துவிட்டோம். மருமகன் மறுபடி டவுனுக்குக் கிளம்பினான். நான் மோட்டார் ரூமுக்குப் போய்ச் சொட்டுநீர் சாமான் பெட்டியைக் கொண்டுவந்தேன். மைக்ரோ டியூப்புக்குப் போடுகிற 4 மில்லிமீட்டர் ஜாயினர். தள்ளிப் பார்த்தேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இன்று வரை கசியவில்லை. எல்லா வண்டிக்கும் சேருமா என்று போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பொருத்துகிறபோது ஒரு தப்பு நடந்தது. ரப்பர் வாஷரைப் பம்பில் மாட்டி, பம்போடு சேர்த்து டப்பாவுக்குள் திணித்தேன். எல்லாம் முடுக்கித் தண்ணீர் ஊற்றினால், சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. மறுபடி கழற்றினோம். வாஷரின் உதடு ஒரு பக்கம் மடங்கி இருந்தது. முதலில் வாஷரை மட்டும் டப்பா ஓட்டையில் சுற்றிலும் சரியாக உட்காரவைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, அப்புறம் பம்பைத் திருகியபடி அழுத்த வேண்டும். எண்ணெய், கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிப்போகும். வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் டப்பாவில் தண்ணீர் நிரப்பி ஒரு பத்து நிமிஷம் காய்ந்த சாக்கின் மேல் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டாம் தடவை கழற்றியிருக்க வேண்டாம்.

வேலை செய்துகொண்டே மருமகன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்று ஒரு அம்மா. நியூயார்க்கில் டிராம் வண்டியில் போகும்போது, பனி கொட்டுகிற நேரத்தில் டிரைவர் முன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியபடி ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தபடியே கையால் நெம்பித் துடைக்கிற வைப்பரை யோசித்து, 1903-ல் காப்புரிமை வாங்கினாராம். கார் கம்பெனிகள் அப்போது அதை மதிக்கவில்லையாம். "அந்த அம்மா நூறு வருசத்துக்கு முன்னாடி யோசிச்சத நீங்க ரெண்டு வருசமா பனியனை வச்சு ஓட்டிருக்கீக மாமா" என்றான். வாயாடி.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர் டிரிப்பரை அடைக்கிற அதே வெள்ளைப் படிவு, குண்டூசி முனை அளவுள்ள நாசிலை விடுமா? கண்ணாடியிலும் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் துணியில் வடிகட்டி ஊற்றலாம், இல்லாவிட்டால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீர். அதோடு, கடையில் விற்கிற கண்ணாடி கழுவும் திரவத்தை லேபிளில் சொன்ன அளவுக்குக் கலக்க வேண்டும். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். ஊற்றிப் பார்த்தேன், நுரை அடங்காமல் எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட்டை மட்டும் தெரியாமல்கூட ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடியில் எண்ணெய் மாதிரி பூசிக்கொள்ளும்.

வெறும் தண்ணீரே போதாதா என்றேன். மருமகன் போனில் தேடிக் காட்டினான். 2010-ல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. இந்த டப்பாவில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தவர்களுக்கு, லீஜியோனேர்ஸ் என்கிற நுரையீரல் காய்ச்சல் வருகிற ஆபத்து கூடுதலாக இருந்ததாம். தேங்கிக் கிடக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கிருமி வளரும், பீய்ச்சும்போது காற்றில் கலந்து மூச்சில் போகும். குளிர் நாட்டிலேயே அப்படி என்றால், இஞ்சின் சூடும் மதுரை வெயிலும் சேர்ந்த நம் டப்பாவில் பச்சைப் பாசி படர்ந்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு மறுபடி அந்த மருந்து கேன் ஞாபகம் வந்தது. மூச்சில் போகிற சங்கதி என்று தெரியாமலேயே எதையெல்லாம் அதில் ஊற்றியிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. கழுவும் திரவம் பார்க்க நீலமாக, சர்பத் மாதிரி இருக்கும். சிலவற்றில், முக்கியமாகக் குளிர் நாடுகளுக்கென்று செய்வதில், மெத்தனால் கலப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கிய சாராயத்தில் இருந்ததும் மெத்தனால்தான். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காமல், வாங்கிய பாட்டிலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மருந்து அலமாரியில் பூட்டி வைக்கிறோம்.

வைப்பர் ரப்பரையும் அன்றைக்கே மாற்றினோம். பழையது அக்னி நட்சத்திர வெயில் எத்தனையோ பார்த்து மாட்டுக் கொம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. இரண்டு வருஷம் காய்ந்த மணலை வைத்துத் தேய்த்ததில் கண்ணாடியில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. பகலில் தெரியாது. ராத்திரி எதிர் விளக்கு பட்டால் சிலந்தி வலை மாதிரி மின்னும். அதற்கு வைத்தியம் கண்ணாடி மாற்றுவது ஒன்றுதான். அதற்குக் காசு சேர்க்க வேண்டும்.

காலை ஒன்பதுக்குத் தொடங்கியது, டவுனுக்குப் போய் வந்தது, இரண்டு தடவை கழற்றியது எல்லாம் சேர்த்துச் சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. தெரிந்தவர் செய்தால் ஒரு மணி நேர வேலை. பேட்டரி வயரை மாட்டிக் குச்சியை இழுத்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர் எழும்பியது. மருமகனுக்கு வீட்டுக்காரி நாட்டுக்கோழி அடித்துப் போட்டாள்.

மறுநாள் விடியக்காலம் அந்த அக்கா வேலைக்கு வந்துவிட்டது, புதுத் தூக்குவாளியோடு. காலை இன்னும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தது. மற்ற மூன்று பேரும் கூடவே. பறிப்பு முடிந்து பூவைக் காரில் ஏற்றும்போது நாலு பேரும் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி முழுக்கப் பனி. இவர்கள் பார்க்கட்டும் என்று குச்சியை நன்றாக இழுத்துப் பிடித்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் வண்டிக் கூரையைத் தாண்டிப் போய் அவர்கள் தலையில் விழுந்தது. அலசிவிட்டு மாட்டியபோது நாசில் வாய் மேல்நோக்கித் திரும்பியிருந்திருக்கிறது. நேற்று அது காற்றில் எழும்பியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே தவிர, எங்கே விழுகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு சிதறினார்கள். அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன தம்பி, கல்யாண வீட்டு வாசலாட்டம் பன்னீரு தெளிக்கிறியாக்கும்" என்றது.

சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்ததும் அதுதான். நாசில் ஓட்டைக்குள் முனையை விட்டு மெல்லக் கீழ்நோக்கித் திருப்பினேன். கண்ணாடியின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே விழுகிற மாதிரி வந்ததும் நிறுத்தினேன். அக்கா டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து குனிந்து, கண்ணாடி வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டில் யாரோ சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இப்பத் தெரியுது" என்றது.